பேரிக்காய் கிரனோலாவும் ஒரு டிரையர்காரனும்

கிரனோலா செய்வது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. அது என்னவென்று நாலு பேருக்குச் சொல்லி முடிப்பதற்குள்தான் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். வீட்டில் எதையாவது செய்து, டப்பாவில் அடைத்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஆனாலும் ஊறுகாய் போட்டவர்களுக்கும் முறுக்கு சுட்டவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. ஊறுகாய் என்றால் ஊறுகாய்தான், யாரும் விளக்கம் கேட்பதில்லை. நானோ, ஓட்ஸையும் பாதாம் முந்திரியையும் பழக்கூழில் பிசறி, மொறுமொறுவென்று வறுத்து, காயவைத்த பழம் கலந்தது, பாலிலோ தயிரிலோ போட்டுக் காலையில் சாப்பிடலாம் என்று மூச்சு வாங்காமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்து முடித்ததும், "அப்ப மிக்சருங்களா?" என்பார்கள்.

என் பெயர் முத்தையா. நீலகிரியில் கேத்தி பக்கத்தில் ஒரு தேயிலை பேக்டரியில், இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பச்சைத் தேயிலை விலை சரிந்துகொண்டே போன வருஷங்களில் சிறு விவசாயிகள் பலர் இலை பறிப்பதையே விட்டுவிட்டார்கள். தினமும் வந்த இலை லாரி ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தது, பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தது, ஒருநாள் பேக்டரி கேட்டையே சாத்திவிட்டார்கள். என் மனைவி மல்லிகா குன்னூரில் ஒரு ஹோம்ஸ்டேயில் காலைச் சமையல் செய்கிறாள். அங்கே வரும் விருந்தாளிகளுக்காக வீட்டுக்கார மேடம் பாக்கெட் கிரனோலா வாங்கி வைப்பார். ஒருநாள் மல்லிகா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தாள். ஓட்ஸுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை, அதற்கு அடுத்தபடியாக எண்ணெய். இதைவிட நல்லதாக நாமே செய்யலாம் என்று கிளம்பினாள். அப்படித்தான் இந்த வம்பு எங்கள் வீட்டுக்குள் வந்தது.

பஸ்ஸில் நடந்தது

முதன்முதலாக அட்டைப்பெட்டி நிறைய பாட்டில்களோடு ஊட்டி பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடி பாட்டில்கள் கலகலவென்று சத்தம் போட்டன. பஸ்ஸில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். என்ன பெட்டி, எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் வந்து காலால் பெட்டியை மெல்லத் தட்டினார். "உள்ள என்னங்க?" என்றார். "கிரனோலாங்க" என்றேன், முடிந்தவரை தாழ்ந்த குரலில். அவர் திடுக்கிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "கிரானைட்டா? கல்லையெல்லாம் சீட்டு மேல வைக்கறதுங்களா? கீழ எறக்கி வைங்க, வண்டி பாரம் தாங்காது!"

மூக்கு

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் நான் அந்த அடுப்புப் பக்கமே போகவில்லை. பேக்டரி மூடிய பிறகு வீட்டு வாசலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. யார் பேசினாலும் "ம்" என்பதோடு சரி. உள்ளே, மேடம் கொடுத்த பழைய ஓவனில் மல்லிகா ஓட்ஸ் வறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு தட்டு கருகும், அடுத்த தட்டு வெந்தும் வேகாமலும் வரும். கோழிக்குப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

ஒருநாள் வாசலில் இருந்தவனுக்கு ஒரு வாசனை வந்தது. டிரையர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், சரக்கு கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இனிப்பான வாசனை எழும்பும். அந்த நேரம் தாண்டினால் எல்லாம் போச்சு. என் கால்கள் தானாக ஓடின. தட்டை வெளியே இழுத்துப் போட்டேன். பொன்னிறத்தில், ஒரு ஓரம்கூடக் கருகாமல் இருந்தது. "சூட்டைக் குறை. இவ்வளவு கனமா கொட்டாத, மெல்லிசா பரப்பு. நடுவுல கிளறி விடு" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அத்தனை மாதத்தில் நான் அவ்வளவு வார்த்தை பேசியதே இல்லை. மல்லிகா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்: "பேக்டரியைத்தானுங்க மூடுனாங்க, உங்க மூக்கை மூடலையே!"

மாட்டுத் தொட்டியில் பேரிக்காய்

பக்கத்துத் தோட்டம் போஜண்ணனுடையது. படுகர் வீடு, கொஞ்சம் தேயிலை, வரப்போரம் பேரி மரங்கள். நம்மூர் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும், டூரிஸ்ட்காரர்கள் ஒரு கடி கடித்துவிட்டுத் தூக்கி எறிவார்கள். புரட்டாசி வந்தால் அண்ணன் தோட்டத்தில் கொட்டிக் கிடக்கும். கூடையில் அள்ளி மாட்டுத் தொட்டியில் போடுவார். "எங்களுக்குக் குடுங்கண்ணா" என்று கேட்டேன். பாவம் சாப்பாட்டுக்கே கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். பழத்தோடு ஒரு பை உருளைக்கிழங்கும் சேர்த்து அனுப்பினார்.

முதல் தடவை பழத்தை அப்படியே நறுக்கிப் போட்டு வறுத்தோம். மறுநாள் பாட்டில் முழுக்க நமத்துப்போய் ஊறின அவல் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: பச்சை இலையை நேராக டிரையரில் போடுவோமா? முதலில் காற்றில் வாட்டுவோம் அல்லவா? பழத்தை மெல்லிய வில்லையாகச் சீவி, கம்பிவலையில் பரப்பி, காற்றாட விட்டு, துவண்ட பிறகு இளஞ்சூட்டில் காயவைத்தோம். கனிந்த பழங்களைச் சுக்கும் பட்டையும் போட்டு வேகவைத்து, மசித்துக் கூழாக்கினோம். அந்தக் கூழ் சேர்ந்ததும் சர்க்கரைக்கு வேலையில்லாமல் போயிற்று, எண்ணெயும் பேருக்குத்தான். மேலே ஒரு கரண்டி தேன், அவ்வளவுதான். காய்ந்த வில்லையை மட்டும் வறுத்து இறக்கிய பிறகு கலக்க வேண்டும். கூடவே வறுத்தால் கரியாகிவிடும்.

முதல் பாட்டிலை அண்ணனுக்குத்தான் கொடுத்தேன். ஒரு வில்லையை எடுத்து மென்றார். இன்னொன்றை எடுத்தார். தொழுவத்தில் நின்ற மாட்டிடம் போய்ச் சொன்னார்: "இத்தனை வருஷம் நீ என்னைவிட நல்லாத்தான் சாப்பிட்டிருக்கே!"

லேபிள்

ஊட்டி பஜாரில் காதர் பாய் வைத்திருப்பது, டீயில் தோய்த்துத் தின்கிற மொறுமொறு வர்க்கி சுடும் பேக்கரி. கடையில் வைக்க இடம் கொடுப்பதற்கு முன் அவரே ருசி பார்த்தார், பிடித்துப்போயிற்று. "எனக்கே சுகர் இருக்குங்க. என்னை மாதிரி ஆளுங்க தினம் பத்து பேரு வர்றாங்க. 'சுகர் பேஷண்ட் சாப்பிடலாம்'னு பெரிசா ஒரு லேபிள் ஒட்டுங்க. பறந்துரும்" என்றார்.

நான் ஒட்டவில்லை. பழத்திலும் இனிப்பு உண்டு, காயவைத்தால் அது இன்னும் கூடும், தேனும் கொஞ்சம் இருக்கிறது. வாங்குகிறவர் நம்பி வாரி வாரிச் சாப்பிட்டால்? "சர்க்கரை சேர்க்கவில்லை, பழத்தின் இனிப்பும் சிறிது தேனும் உண்டு, அளவாகச் சாப்பிடவும்" என்று ஏற்கெனவே ஒட்டியிருக்கிறேனே, அதுதான் இருக்கும் என்றேன். "அளவா சாப்பிடுன்னு எழுதி எவனாவது யாவாரம் பண்ணுவானா?" என்று பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, ரோஷப்பட்டு இருந்த ஒரே கடையையும் கெடுத்துக்கொண்டோமோ என்று விற்காத பாட்டில்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். மல்லிகா மட்டும், "நீங்க செஞ்சது சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு ஓட்ஸ் அளந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து பாய் போன் செய்தார். ருசி பார்க்க நான் கொடுத்து, அவர் வீட்டுக்குக் கொண்டுபோன பாட்டிலின் லேபிளை அவர் மனைவி படித்துவிட்டு, தினம் ரெண்டே ஸ்பூன் என்று கணக்காகக் கொடுத்துவருகிறாராம். "எல்லா டப்பாவும் நல்லது நல்லதுன்னுதான் சொல்லுது. உங்களுது ஒண்ணுதான் என் டாக்டர் மாதிரி மெரட்டுது. கொண்டாந்து வைங்க, மெரட்டுனாத்தான் நம்ம ஆளுங்க நம்புவாங்க!"

தூள்

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ராணியக்காவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போயிற்று. எங்களிடம் பழம் சீவ வந்தார். எங்கள் அப்பா அம்மாவைப் போல அக்காவும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம்தான். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள், பேரிக்காய் வில்லை காகிதம் மாதிரி வரும்.

பாட்டில் நிரப்பி முடிந்ததும் தட்டின் அடியில் மிஞ்சிய பொடியைத் துண்டில் முடிந்துகொண்டு, "எங்களுக்கு இந்தத் தூள் போதும் தம்பி" என்றார். வாழ்க்கை முழுக்க நாங்கள் பறித்ததில், வறுத்ததில் நல்ல இலையெல்லாம் பெட்டியில் ஏறி எங்கேயோ போகும். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கொதித்ததெல்லாம் கடைசியில் மிஞ்சும் டஸ்ட் தூள்தான். இங்கேயும் அதே கதையா? கொட்டையும் பழமும் நிறைய இருந்த பாட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். இனிமேல் இந்த வீட்டில் செய்கிறவர்களுக்குத்தான் முதல் பாட்டில் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து, பாலும் தயிரும் வேண்டாமென்று, சாயத்தண்ணி என்கிற பால் ஊற்றாத டீயைத் தொட்டுக்கொண்டு ஒரு கை சாப்பிட்டுப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "சோக்காத்தான் இருக்கு. கொஞ்சம் மொளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் போட்டிருந்தா சோத்துக்கும் தொட்டுக்கிட்டிருக்கலாம்."

டீமேக்கர் சார்

பேக்டரியில் எங்களுக்கெல்லாம் மேலே, தேயிலையின் பக்குவம் பார்த்துச் சொல்லும் டீமேக்கர் சார். அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. திட்டாமல் நகர்ந்தால் அன்றைக்குச் சரக்கு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் அதே நாளில்தான் வேலை போயிற்று. ஒரு மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டை, ஸ்வெட்டர் சகிதம் எங்கள் வாசலில் வந்து நின்றார். "என்னமோ வறுக்கறியாமே?" என்றார்.

என் வீட்டுச் சமையல்கட்டில் நானே கைகட்டி நின்றேன். வெள்ளைத் தட்டு கேட்டார். கிரனோலாவைக் கொட்டி, விரலால் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணை மூடி முகர்ந்தார். ஒரு துண்டைப் பல்லில் வைத்து உடைத்தார், அந்தச் சத்தத்தைக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். பிறகு தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டிரையர்ல இந்த அக்கறை காட்டியிருந்தா பேக்டரியே மூடியிருக்காதேய்யா!"

ஐப்பசி மழை

தீபாவளிப் பரிசுப் பெட்டிகளில் வைக்க, மேடத்துக்குத் தெரிந்த கோயமுத்தூர் கடை ஒன்று பெரிய ஆர்டர் கொடுத்தது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. இந்தத் தடவை பேரிக்காயோடு, தக்காளி மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இருக்குமே, அந்த பெர்சிமன் பழமும் சேர்த்தோம். பழக்கூழ் காய்ச்சி, ஓட்ஸ் பிசறி வைத்தாயிற்று. மழையில் ஒரு கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ், கரண்ட் கம்பி மேல் சாய்ந்து கரண்ட் போயிற்று. எப்போது வரும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பிசறி வைத்தது புளித்துப்போகும். நான் மறுபடி அந்தப் பழைய கல்லைத் தேடிப் போய் உட்கார்ந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. மல்லிகாதான், "பாய் கடையில வெறகு அடுப்புங்க. அதுக்கு எதுக்கு கரண்டு?" என்றாள்.

கேட்டதும் பாய் சரியென்றார். விடியலில் வர்க்கி எடுத்த பிறகு அவர் அடுப்பு மாலை வரை சூடு தாங்கும். முன்பு பச்சை இலை ஏற்றிய தன் பிக்அப்பில் தட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்தார் போஜண்ணன். எங்கே கேள்விப்பட்டாரோ, குடை பிடித்துக்கொண்டு டீமேக்கர் சாரும் வந்துவிட்டார், கூடவே பழைய ஷிப்ட் ஆட்கள் ரெண்டு பேர். அந்த அடுப்பின் குணம் எங்களுக்குத் தெரியாது. மூலைக்கு மூலை ஒரு பிடி ஓட்ஸைப் போட்டு எது முதலில் சிவக்கிறது என்று பார்த்தோம். பின்பக்க வலது மூலை பொல்லாதது என்று கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் தட்டை உள்ளே தள்ள, ஒருவர் திருப்ப, ஒருவர் இழுக்க, நான் மூக்கை நம்பி நின்றேன். மல்லிகாவும் ராணியக்காவும் ஆறவைத்துப் பழம் கலந்து பாட்டிலில் நிரப்பினார்கள். இருட்டுவதற்கு முன் பிக்அப் கோயமுத்தூருக்குக் கிளம்பிவிட்டது. ஒரு தட்டுகூடக் கருகவில்லை. அந்தக் கடை இன்றுவரை எங்களிடம்தான் வாங்குகிறது.

வண்டி போன பிறகு எல்லோரும் வர்க்கியும் டீயுமாக பேக்கரி வாசலில் நின்றோம். முகமெல்லாம் மாவும் கரியும். டீமேக்கர் சார் என் தோளில் கை வைத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. சொன்னார்: "எல்லாம் சரியா நடந்துச்சு முத்தையா. ஷிப்ட் முடிஞ்சதுக்குச் சங்குதான் ஊதலை."

தேயிலையை நம்பிய மலையே திகைத்து நின்ற காலத்தில் பேரிக்காயை நம்பிக் கரையேறினோம் என்று நான் எங்கே வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன், ஆனால் எங்கள் வீட்டில் காலைப் பலகாரம் இன்றைக்கும் இட்லிதான் என்பதை மட்டும் தயவுசெய்து யாரும் வெளியில் சொல்லிவிடாதீர்கள்.