சுவரைத் தாண்டிய மேசை

ஐப்பசி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். விடியும்வரை பெய்த மழை, வாசலில் நிறுத்தியிருந்த டெம்போவின் தார்ப்பாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என் மடிக்கணினியின் திரையில் ஒரு சிறிய வட்டம் சுற்றியது. அது நூற்றுப் பதினான்கு முறை சுற்றிய பிறகுதான் எங்கள் பனியன் கம்பெனியின் கணக்கு திறந்தது. என் முதுகுக்குப் பின்னால் நின்ற மகனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"அப்பா, இனிமே கணக்கை ஆபீஸ்லயே பாத்துக்கறோமுங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான்.

மெதுவாக இருப்பது மெஷின். ஓய்வு எனக்காம். ஒருவனை நாற்காலியிலிருந்து இறக்கும்போதுகூட எங்கள் ஊரில் "ங்க" போட்டுத்தான் இறக்குவார்கள்.

"ஒரு வாரம் பொறு" என்றேன்.

மெமரி பற்றவில்லை என்று யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். கணினியின் பக்கவாட்டில் மூன்று யூ.எஸ்.பி. துளைகள் சும்மாதானே இருக்கின்றன என்று, கடைக்குப் போய் உள்ளங்கை அகல வெளி டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து செருகினேன். வட்டம் நூற்றுப் பதினான்கு சுற்று சுற்றியது. அடுத்த துளையில் மாற்றினேன், அதற்கடுத்த துளையிலும் மாற்றினேன். ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. மூன்றாவது முறை பிடுங்கும்போதுதான், இந்தத் தப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே என்று பட்டது.

எனக்கு ஒன்பது வயதில், வீரபாண்டிப் பக்கம் எங்கள் வீடும் அப்பாவின் பனியன் கம்பெனியும் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ், நடுவில் ஒரு மண்சுவரோடு இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் துணி வெட்டும் மேசை. அதன் பெயர் "கட்டிங் டேபிள்". எட்டு அடி நீளம், என் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்திருக்கிறேன். அதில் ஒரு தடவைக்கு நாலு பனியன் நீளம்தான் விரிக்க முடியும். விரித்து, மடிப்பு மடிப்பாக அடுக்கி, வெட்டி, எடுத்துக் கட்டிவிட்டு மறுபடி விரிக்க வேண்டும். அந்த வருடம் கல்கத்தா வியாபாரி ஒருவர், தீபாவளிக்கு முன் சரக்கு வராவிட்டால் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவதாகச் சொல்லியனுப்பினார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வியாபாரிதான்.

அப்பா என்ன செய்தார் என்றால், ஒரு "குடோன்" வாடகைக்குப் பிடித்தார். எங்கள் சனங்கள் அப்போது பெண் கொடுக்கவும் கடன் கொடுக்கவும் முதலில் கேட்கும் கேள்வியே குடோன் எத்தனை என்பதுதான். அதனால் கம்பெனிக்கு எந்த நோக்காடு வந்தாலும் குடோனே மருந்து. முதல் குடோன் நிறைந்ததும் இரண்டாவதையும் பிடித்தார். துணி குவிந்தது. வெட்டிய உருப்படி மட்டும் கூடவில்லை. குடோனுக்கும் மேசைக்கும் நடப்பதிலேயே ஆட்களின் பாதிப் பொழுது போனது.

மூன்றாவது குடோனைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்த அன்று, வெட்டிய துணியை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, வெக்கறதுக்கு எடம் கெடக்குது. வெட்டறதுக்கு எடம் இல்லீங்களே. மேசையை நீட்டுங்க."

"எங்க நீட்டறது? அந்தப் பக்கம் ஊடு."

"ஊட்டுக்குள்ள நீட்டுங்க."

அடுத்த நாள் கடப்பாரை வந்தது. மேசை உயரத்துக்குச் சுவரில் ஓட்டை போட்டு, பலகை சேர்த்து, மேசையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது அடி. அதன் நுனி அரிசி மூட்டையைத் தொட்டது. நான் அதன் அடியில்தான் தூங்கினேன். காலையில் தலையெல்லாம் பஞ்சுத் தூசி. பொங்கலூரிலிருந்து வந்த என் தாய்மாமன் சிரிப்பை அடக்காமல், "மச்சான், மேசைக்கு ரேஷன் கார்டு வாங்கியாச்சுங்களா?" என்று கேட்டார்.

"அது சம்பாதிக்குது மாப்ள. நாமதான் அது ஊட்டுல குடியிருக்கறோம்" என்றார் அப்பா.

சரக்கு தீபாவளிக்கு ஆறு நாள் முன்பே ரயிலேறியது.

நான் வாங்கிவந்து செருகிய டிஸ்க் ஒரு குடோன். எத்தனை செருகினாலும் சாமான் வைக்கத்தான் இடம் கூடும். கணக்கு விரிந்து வேலை நடக்கிற மேசை, அதாவது பற்றவில்லை என்று சொன்ன அந்த மெமரி, மெஷினுக்குள் இருக்கிறது. அதை நீட்டத் துளை வழியாக முடியாது. சுவரை உடைக்க வேண்டும்.

புதன்கிழமை சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் தொடாமலே, "பழைய மாடலுங்கய்யா. காசு போட்டாலும் வேஸ்ட்டுங்க. புதுசு பாருங்க" என்றார்.

"தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"தொறந்தா ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க."

"நான் பொறுப்புங்க. எங்க ஊட்டுச் சுவத்தையே ஒடச்சிருக்கறோம்."

அவருக்கு அது புரியவில்லை, ஆனாலும் திறந்தார். பதினோரு திருகாணி. உள்ளே நாலு ஜிபி மெமரி, மெஷினின் மின்பலகையோடு சேர்த்தே ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் காலியாக ஓர் இடம். சில மாடல்களில் அந்த இடத்தையே விடுவதில்லையாம். அப்படி இருந்திருந்தால் தோற்றுத்தான் திரும்பியிருப்பேன். இதில் இடம் இருந்தது. எட்டு ஜிபி போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். "எண்ணிக்கோ" என்றேன். வட்டம் ஒன்பது சுற்றில் நின்று கணக்கு திறந்தது. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிங்கப்பா, கணக்கை நீங்களே பாருங்க" என்றான். அதைத்தான் நான் போன வாரமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டுக் கூரை இன்று இல்லை. மண்சுவரும் இல்லை, அதில் போட்ட ஓட்டையும் இல்லை. அங்கே இப்போது எங்கள் டெம்போ நிற்கிறது. மேசைப் பலகையை எவருக்கு விற்றோம் என்றுகூடத் தெரியவில்லை. கல்கத்தா வியாபாரியின் வாரிசுகள் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். போனவை போகட்டும், நாற்காலியில் நான் இருக்கிறேன்.

செலவு: மெமரி இரண்டாயிரத்து நானூறு, திறந்து மூடிய கூலி முன்னூறு, டிஸ்க் நாலாயிரத்து இருநூறு. டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பழைய வருடங்களின் கணக்கை வைக்கக் குடோன் ஒன்று வேண்டும்தானே. ஆக மொத்தம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.