படம் வந்த பிறகுதான் தாலி

கொரோனா வந்த வருஷம் சினிமாக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நோய் ஓயும்வரை படங்களைப் பூட்டி வைப்போம் என்றது ஒரு கட்சி. மாஸ்க் போட்டு உட்காரவைத்து சினிமா ஹாலைத் திறப்போம் என்றது மற்றது. இரண்டு கட்சியிலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருந்தவர், எனக்குத் தெரிந்து, லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சோலைமலை மட்டும்தான். பகலில் ஆட்டோ நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "ஹாலைத் தெறக்கணும், படத்தை விடணும்!" என்று முழங்குவார். பொழுது சாய்ந்ததும் தோட்டத்து மாரியம்மன் முன்னால் கண்ணை மூடி, "தாயே, இந்த மாசமும் தெறக்காம பாத்துக்க" என்று கேட்டுக்கொள்வார்.

காரணம் இருந்தது. சோலைமலை ஆட்டோ ஓட்டுவது வயிற்றுக்கு. மற்றபடி அவர் ரசிகர் மன்றத் தலைவர். அந்த நடிகரை மன்றத்தில் யாரும் பெயர் சொல்வதில்லை, அண்ணன்தான். ஆட்டோவின் முதுகில் அண்ணன், கண்ணாடியில் அண்ணன், சட்டையில் அண்ணன். மன்றத்துக்கு எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு: கல்யாணம் கட்டினவன் தலைவராக நிலைக்க மாட்டான். முந்தைய தலைவர் பட்டாசு வெடிப்பதில் சிங்கம். கல்யாணத்துக்குப் பிறகு வந்த படத்தை இரண்டாவது கிழமைதான் போய்ப் பார்த்தார், அதுவும் மச்சினிச்சி பிள்ளைகளோடு, இடைவேளைக்குப் பிறகு குறட்டையோடு. அதைத் தூக்கம் என்று மன்றத்தில் சொல்வதில்லை, ராஜினாமா என்றுதான் சொல்வார்கள்.

இது தெரியாத அம்மா நாகலெட்சுமி பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். கொழுந்து பறிக்கிற மலையில் எந்தத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தாலும் மாலையில் அது வீட்டுக்கு வந்துவிடும். முப்பத்து நாலு வயது மகன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை வைத்திருந்தார். கடைசியில் அம்மா அவரைக் கோயிலுக்கே இழுத்துப்போய், "இங்க வச்சுச் சொல்லுடா" என்றார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சோலைமலை யோசித்தார்.

"அண்ணனோட அடுத்த படத்தை ஹட்டன் ஹால்ல மொத ஷோ பாத்துட்டு, அதுக்குப் பொறகுதான் தாலி எடுப்பேன். இது சத்தியம்."

மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டியும் ஆயிற்று. படம் சித்திரைக்கு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நாகலெட்சுமி மறுநாளே லயத்து வீட்டுக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்தார்.

சித்திரைக்கு முன்னால் ஊரடங்கு வந்தது. ஹாலை மூடினார்கள். படம் தள்ளிப்போனது. மன்றத்துப் பையன்கள் முன்னால் தலைவர் கண் கலங்கினார். வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மன்றத்துச் செயலாளர் பிரதாப் கொள்கையில் இரும்பு. அவர்தான் முதலில் சேதி கொண்டுவந்தார். "தலைவரே, படத்தைப் போன்லயே விடப் போறாங்களாம்."

"என்ன பேச்சு பேசுற! நாப்பதடி அண்ணனைத் தீப்பெட்டிக்குள்ள வச்சுப் பாக்கவா? அஞ்சு வருஷம் ஆனாலும் சரி, ஹால்லதான்!"

கைதட்டல். அஞ்சு வருஷம் என்று சொன்னபோது தலைவர் நாக்கில் வெல்லம் கரைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். நாகலெட்சுமிக்கு ஒருநாள் தலைவலி வந்து கெடுத்தது. பனடோல் வாங்கத் தலவாக்கலைக்குப் போன சோலைமலை, மருந்துக்கடைப் பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களைக் கண்டார். கண்களுக்கு உரியவர் லோஜினி. கந்தப்பளைப் பெண், அத்தை வீட்டில் தங்கி வேலை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் லோஜினி. பிறகு சட்டையைப் பார்த்தார். "ஒங்க நெஞ்சுல நிக்கிறவருக்கு மாஸ்க் எங்க?"

அண்ணனைக் கிண்டல் செய்தவர்களோடு சோலைமலை கைகலந்த வரலாறெல்லாம் உண்டு. அன்றைக்குச் சிரித்தார். அந்தக் கிழமை முழுக்க நாகலெட்சுமிக்குத் தெரியாமலே நாகலெட்சுமிக்கு நாளுக்கொரு தலைவலி வந்தது.

மகன் தலையணைக்கடியில் பனடோல் அட்டைகளைக் கண்ட அம்மா அழ ஆரம்பித்தார். "ஏன்டா, எனக்கு என்னடா நோய்? டாக்டர் ஒங்கிட்ட என்னமோ சொல்லிருக்காரு. மறைக்காம சொல்லு."

"நோய் ஒனக்கில்லம்மா."

அம்மா அழுகையை நிறுத்தி மகன் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு கந்தப்பளையில் இருந்தார்.

லோஜினியின் அப்பாவுக்குத் தோட்டக்காணி கொஞ்சம், அதில் லீக்ஸும் கரட்டும். மனிதர் இழுத்துப் பேசவில்லை. "எனக்குச் சம்மதம். ஆனா தையில முடிக்கணும். நோட்டன் பிரிட்ஜ்ல இருந்து ஒரு பையனுக்குக் கேட்டு வந்திருக்காங்க, கரண்டு வேலை. தை தாண்டிச்சுன்னா அங்கதான்."

சோலைமலைக்குக் கரண்டு அப்போதே அடித்தது. தைக்கு அதிக நாள் இல்லை. மாரியம்மனிடம் கட்டின மஞ்சள் துணி அங்கேயே தொங்கியது. ஹாலை இதற்குள் திறந்துவிட்டிருந்தார்கள்தான், ஒரு ஆசனம் விட்டு ஒரு ஆசனம். ஓடினது பழைய படங்கள். பாதி ஹாலுக்கு அண்ணனை விட்டால் கட்டுப்படியாகாது என்று படத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். தாயே தெறக்காதே என்று மாதக்கணக்கில் கேட்டதை அம்மன் இவ்வளவு அக்கறையாக நிறைவேற்றுவாள் என்று யார் கண்டது?

தலைவர் மன்றத்தைக் கூட்டினார். "நாட்டு நெலமையப் பாத்தா... படத்தைப் போன்லயே விட்டா என்ன தப்பு?"

"தீப்பெட்டின்னீங்களே தலைவரே?" என்றார் பிரதாப்.

"தீப்பெட்டியும் வெளிச்சம் குடுக்குதுல்ல?"

"மாரியம்மாகிட்ட ஹட்டன் ஹால்னு சத்தியம் பண்ணினது யாரு? சாமிகிட்ட ஒண்ணு, மன்றத்துல ஒண்ணா?"

அன்று லோஜினி போன் எடுத்தார். "ஒங்க அண்ணன் எப்ப வர்றாராம்?"

"தெரியலயே."

"நோட்டன் பிரிட்ஜ்காரர் சொன்ன நேரத்துக்கு வருவாராம்."

நாகலெட்சுமிதான் வழி கண்டார். "மாரியம்மாகிட்டயே பூக் கேட்டுருவோம்." ஒரு பொட்டலத்தில் சிவப்பு ரோசா, ஒன்றில் வெள்ளை ரோசா. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து எடுப்பது. சிவப்பு வந்தால் சத்தியத்திலிருந்து விடுதலை, தையில் தாலி. வெள்ளை வந்தால் படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். நோட்டன் பிரிட்ஜ்காரர் காத்திருக்க மாட்டார்.

சாமி விஷயத்தில் சந்தேகம் கூடாது. ஆனாலும் பூக் கேட்பதற்கு முதல் நாள் சோலைமலை, நல்ல தேயிலைத் தூளில் ஒரு பெரிய பொட்டலத்தோடு மாயாண்டி பூசாரி வீட்டுக்குப் போனார். "ரெண்டுலயும் செவப்பே வச்சிருங்க மாமா." பூசாரி மறுக்கவில்லை. அவர் குசினியில் காலைக் கட்டின கோழி ஒன்று கிடந்தது, மூலையில் ஒரு சாராயப் போத்தல், பக்கத்தில் லீக்ஸ் கட்டு. சோலைமலை இருந்த பதற்றத்தில் எதையும் விசாரிக்கவில்லை.

கோழி நாகலெட்சுமியுடையது. போத்தல், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொள்கை இரும்பு பிரதாப்புடையது. தலைவர் கல்யாணம் கட்டினால் அடுத்த தலைவர் யார் என்று அவருக்குத் தெரியும். எல்லாரும் கேட்டது ஒன்றே. பூசாரியின் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான வேலை வந்ததில்லை.

மறுநாள் காலை எல்லாரும் மாஸ்க்கோடு நின்றார்கள். பொட்டலத்தை எடுப்பது வழக்கமாகச் சின்னப் பிள்ளை. நோய்ப் பயத்தில் யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. "அந்தப் புள்ளையே எடுக்கட்டும்" என்றார் பூசாரி. லோஜினி கைக்கு சானிடைசர் தேய்த்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"தாயே!" என்றார் நாகலெட்சுமி. பிரதாப் கொள்கை தோற்ற சோகத்தில் தலை குனிந்து நின்றார், மாஸ்க்குக்குள் பல் தெரியாது என்ற தைரியத்தில். சோலைமலைக்கு மூச்சு வந்தது. பூசாரி தட்டைத் தூக்கப் போனார்.

லோஜினி மற்றப் பொட்டலத்தையும் எடுத்தார்.

"அது வேணாம்மா, அம்மாதான் சொல்லிட்டாளே" என்றார் பூசாரி.

அதற்குள் பிரித்தாயிற்று. அதுவும் சிவப்பு.

சோலைமலைக்கு நோட்டன் பிரிட்ஜ் கரண்டு கம்பமெல்லாம் வரிசையாகக் கண்ணில் தெரிந்தது. லோஜினியின் அப்பா ஒரு ரோசாவைப் பார்த்தார், மற்ற ரோசாவைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். பூசாரிக்கு அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது.

"அம்மாளுக்குச் சந்தேகமே இல்லையாம்" என்றார் பூசாரி.

யாரும் வாய் திறக்குமுன் நாகலெட்சுமி குலவை போட்டார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போட்ட குலவை. அந்தச் சத்தத்துக்குப் பிறகு கேள்வி கேட்பது மரியாதையில்லை. "நல்ல சகுனந்தான்" என்று சம்பந்தி தேத்தண்ணி குடிக்கப் போனார்.

தை இருபதுக்குமேல் முகூர்த்தம் குறித்தார்கள். குறித்து முடிந்த கிழமையே செய்தி வந்தது. அண்ணன் படம் பொங்கலுக்கு, ஹாலில், பாதி ஆசனத்துக்கே விடுகிறார்களாம். ஆக, தாலிக்கு முன்னால் முதல் ஷோ. கற்பூரத்தில் அடித்த சத்தியம் ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. கோழியும் போத்தலும் தூளும் பூசாரிக்கு லாபம்.

ஹட்டன் ஹாலில் சோலைமலை ஒரு ஆசனத்தில். அடுத்தது காலி, குறுக்கே நாடா கட்டியிருந்தது. அதற்கு அடுத்ததில் லோஜினி. இன்னொரு காலி ஆசனம் தாண்டிக் காவலுக்கு வந்த அத்தை. முன்வரிசையில் வருங்காலத் தலைவர் பிரதாப் காகிதத் துண்டுகளோடு காத்திருந்தார். திரையில் அண்ணனின் கால் தெரிந்தது. ஹால் இடிந்தது. சோலைமலை நாடாவுக்கு மேலாகச் சாய்ந்தார்.

"ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு ரெண்டாவது பொட்டலத்தை ஏன் பிரிச்சீங்க? எனக்கு உசிரே போயிருச்சு."

டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. "அண்ணே, தள்ளி இருங்க, தள்ளி!" என்றார் ஹால்காரர்.

வெளிச்சம் போகும்வரை லோஜினி காத்திருந்தார்.

"ஒரு கட்டு லீக்ஸ் குடுத்திருக்கேன். வேலையச் சரியாச் செஞ்சாரான்னு பாக்க வேணாமா?"