உம் கொட்ட ஓர் ஆள்

முந்திரிக்கொட்டை சுடுகிற புகைக்கு ஒரு காரம் உண்டு. கண்ணில் பட்டால் எரியும், மூக்கில் ஏறினால் தும்மல் வரும், ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனசு வராது. கந்தர்வக்கோட்டைப் பக்கம், ஊரார் "பட்டாளத்தார் வீடு" என்று சொல்லும் ஓட்டு வீட்டுக்கு அம்மாவோடு நாங்கள் முதன்முதலாகப் போனபோது, கொல்லையிலிருந்து அந்தப் புகைதான் வாசல்வரை வந்து வரவேற்றது.

நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். ஆசிரியர் வேலையை விட்டுவிட்ட அம்மா, திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டிலேயே பாடம் நடத்தினார். "பிள்ளைகள மாடு மேய்க்க விடப்போறீங்களா?" என்று தெருவே கேட்டது, அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் எங்களுக்கு வாய்த்த வரலாற்றுப் பாடம், சுற்றுவட்டாரத்து முன்னாள் ராணுவத்தினரைத் தேடிப்போய், அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து செல்போனில் பதிவு செய்வது. கேள்வி கேட்பது நான், போனைப் பிடிப்பது தம்பி. அவர்கள் பேசும்போது நாங்கள் மூச்சுக் காட்டக்கூடாது, பதிவு கெட்டுவிடும் என்பது அம்மாவின் உத்தரவு.

அந்த உத்தரவு பட்டாளத்தாரிடம் எடுபடவில்லை. ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், கொஞ்சம் பேசுவார், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் எங்கள் முகத்தைப் பார்ப்பார், நிறுத்திவிடுவார். "என்னம்மா இது, செவுத்துக்கிட்ட பேசுற மாதிரியில்ல இருக்கு! 'உம்' கொட்ட ஒரு ஆளு வேணாமா?" என்று சலித்துக்கொண்டவர், கொல்லைப்பக்கம் திரும்பி, "ஏ இந்தா, செத்த இங்கிட்டு வந்து ஒக்காரு" என்று மனைவி ராக்கம்மாளைக் கூப்பிட்டார்.

ராக்கம்மாள் சுட்ட கொட்டைகளை முறத்தோடு தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கல்லால் தட்டிப் பருப்பெடுத்து எங்கள் கையில் வைத்தபடியே "ம்" சொல்லத் தொடங்கினார். அதன்பிறகு பட்டாளத்தாருக்கு மடை திறந்துகொண்டது. விரல் மரத்துப்போகும் பனி, பதுங்குகுழி, சப்பாத்தியைப் பார்த்தாலே அழுகை வந்த முதல் வருஷம், எல்லாவற்றுக்கும் ஒரு "ம்". இவையெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்த கதைகள் என்பது அந்த "ம்"மிலேயே தெரிந்தது. கணவர் மறந்த ஊர்ப்பெயரை ராக்கம்மாள் எடுத்துக்கொடுத்தபோது நானும் தம்பியும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டோம்.

"ஒங்க வீட்ல வேற யாராச்சும் ராணுவத்துல இருந்தாங்களா தாத்தா?" என்பது கடைசிக் கேள்வி.

"ஒரே மகன், செல்வம். நாந்தான் சேத்துவிட்டேன்."

"ம்."

"பனி சரிஞ்சு போயிட்டான்."

"ம்." அது மிகவும் மெல்ல வந்தது.

பேச்சின் வேகமா, பாரம் தாங்காத மனசா தெரியவில்லை, அவர் நிறுத்தாமல் போனார். "அதுக்கு மொத வாரம் பஸ் ஸ்டாப்பு கடைக்குப் போன் பண்ணுனான். இவ கொட்டை பொறுக்கப் போயிருந்தா. 'லீவு கேட்டு வந்துரவாப்பா? ஆத்தாவப் பாக்கணும் போல இருக்கு'ன்னான். இப்பத்தானடா போன, ஊருல சிரிப்பாய்ங்க, பொங்கலுக்கு வான்னு நாந்தான் சொல்லிப்புட்டேன்."

"ம்" வரவில்லை. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அத்தனை வருஷமாக, மகனிடமிருந்து அப்படி ஒரு போன் வந்ததையே அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ராக்கம்மாள் கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அழவில்லை, ஏசவில்லை, வாய்விட்டு அழுதிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. "போதும்மா, நிப்பாட்டிருங்க" என்றார் பட்டாளத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் பட்டாளத்தார் இறந்துபோனார். காரியம் முடிந்து கொஞ்ச நாளில், ராக்கம்மாள் தனியாகப் பஸ் ஏறி எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். கணவரின் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்த அம்மா, அந்தக் கடைசிப் பகுதி வந்துவிடாமல் பார்த்து, சப்பாத்திக் கதையைப் போட்டார்.

"அது வேணாந்தாயி. எம்மகன் பேசுனாம்ல, அத வைங்க."

மகன் சொன்னதை அப்பா சொல்லித்தான் பதிவில் இருந்தது. அந்த வித்தியாசமெல்லாம் ராக்கம்மாளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஒருமுறை கேட்டார், மறுபடி வைக்கச் சொன்னார். "வந்துரவாப்பா" என்று வந்ததும் தம்பி கையிலிருந்த போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு, "வந்துருய்யா, ஆத்தா இருக்கேன், வந்துரு" என்றார். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

ராக்கம்மாளும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கொல்லையைப் பிளாட் போட்டுவிட்டார்கள், ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். போன் மாற்றும்போதெல்லாம் அந்தப் பதிவை நான் மறக்காமல் புதுப் போனுக்கு ஏற்றிக்கொள்கிறேன். வந்துவிடட்டுமா என்று செல்வம் அதில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். வா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.