கிடங்கில் வைத்த மாதா

என் அம்மா சகாயம்மாள் போன மாதம் இறந்தார். மாதா கோவில் தந்தவர் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர் தந்தது அதுவல்ல.

அதிராம்பட்டினத்துக்கு வடக்கே, நெல் வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். தொண்ணூறுகளில் ஆண்கள் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். அப்பாவும் போனார். வீடுகள் மாடி வீடுகளாயின. பெண்கள் மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த அம்மா அதைப் பார்த்தார். கடைத்தெருவில் தாத்தாவின் பழைய நெல் கிடங்கு சும்மா கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, ஓர் அறக்கட்டளை பதிவு செய்து, சனிக்கிழமைகளில் அந்தப் பெண்களை நாடகம் போட வைத்தார். பார்ப்பவர்களும் அவர்களேதான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்த மகள் நான் வயரிங் செய்தேன். ஆண்களுக்கு அனுமதி இல்லை. அதனால் தெற்குத் தெரு முஸ்லிம் பெண்களையும் வீட்டார் அனுப்பினார்கள்.

சைத்தூன் பீவிக்கு எப்போதும் மாமியார் வேடம். கைக்குழந்தையோடு அவரை விட்டுவிட்டுக் கணவர் துபாய் போயிருந்தார். "ஏண்டி, எம் மவன் அனுப்புன சென்ட்டை நீ எதுக்குடி மோந்து பாக்குறே?" என்று அவர் அதட்டினால் கடைத்தெருவுக்கே கேட்கும். மருமகள்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அவருடைய சொந்த மாமியாரும் ஒருநாள் வந்து பார்த்துச் சிரித்தார். பிறகு, "இவ யாரைச் சொல்றா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

வெளிநாட்டுப் பணத்தில் கடைத்தெரு பெருத்தது. பேரூராட்சி கட்டடங்களை மறுபடி அளந்தது. அந்தத் தெருவில் இருப்பதெல்லாம் வணிகக் கட்டடம் என்று வரி போட்டது. கிடங்கில் வருமானம் கிடையாது. அம்மாவின் சம்பளம் அந்த வரிக்குப் போதாது. கட்டாவிட்டால் பூட்டிவிடுவார்கள்.

பில் கலெக்டர் தியாகேசன் அம்மாவிடம் படித்தவர். வீட்டுக்கே வந்தார்.

"அறக்கட்டளைன்னு இருக்கே தம்பி," என்றார் அம்மா.

"நாடகத்துக்கு விலக்கு கெடையாது டீச்சர். கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம்னா உண்டு. ஒரு மாதா சொரூபத்தை வச்சு மெழுகுவத்தி ஏத்துங்க. வழிபாட்டு எடம்னு எழுதிடறேன்."

"எனக்காக மாதா பொய் சொல்லணுமாக்கும்?"

"அவங்க சும்மா நின்னா போதும். பொய்யை நான் சொல்லிக்கிறேன்."

அம்மா வைத்தார். ஒரு மூலையில், சின்னதாக. நாடகம் நடக்கும்போது திரை போட்டு மறைப்பது என்று ஏற்பாடு. வரி நீங்கியது.

அடுத்த சனிக்கிழமை தெற்குத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அம்மா சைத்தூன் வீட்டுக்குப் போனார். மாமியார் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நாடகத்துக்கு அனுப்பினேன். கோயிலுக்கு எப்படி அனுப்புவேன்?"

"அது வரிக்காக வச்சதும்மா."

"உங்களுக்குத் தெரியும். கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு சொல்ல?"

சைத்தூன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மற்ற பெண்கள் கிடங்குக்கு வந்தார்கள், மெழுகுவர்த்தியோடு. நாடகத்தில் மருமகளாக நடிக்கும் அம்சவல்லிக்குக் கணவரிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை. வேண்டிக்கொண்ட வாரமே போன் வந்தது. செய்தி பரவிக் கூட்டம் சேர்ந்தது. யாரோ திரையைக் கழற்றிவிட்டார்கள். சொரூபத்துக்கு எதிரே நின்று மாமியாரைக் கிண்டல் செய்ய ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சைத்தூன் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று கேள்விப்பட்டதும் அம்மா வளையலை விற்று வரி கட்டிவிடத் தீர்மானித்தார். சொரூபத்தை வீட்டுக்கு எடுத்துவரக் கிடங்குக்குப் போனார். நானும் போனேன். அவர் அதைக் கையில் எடுத்தபோது அம்சவல்லி வாசலை மறித்தார்.

"எடுக்காதீங்க டீச்சர்."

"சைத்தூன் அங்க செத்துக்கிட்டிருக்கா, அம்சா."

"அவளுக்கு நாடகம். எனக்கு இவங்கதான். எம் புருஷன் இன்னும் வந்து சேரலையே."

 அம்மா சொரூபத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்குப் பின் அவர் நாடகம் போடவில்லை. கிடங்கு ஊருக்கு மாதா கோவிலாயிற்று.

போன மாதம் அம்மாவின் உடலை மாதா கோவிலில் வைக்க வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். வீட்டிலேயே வைத்தேன். பிற்பகலில் சைத்தூன் பீவியை அவர் மகள் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"உம்மா, டீச்சருகிட்ட ஏதாச்சும் சொல்லுங்க," என்றாள் மகள்.

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். பெட்டியை மூடும்வரை அங்கேயே இருந்தார்.