மருதாயி வேலியோரத்துக் கண்வலிக் கிழங்கு

சேர்வராயன் மலையில் பூக்கிற ஆயிரம் பூவுக்கும் தனக்குப் பேர் தெரியும் என்பாள் கொட்டச்சேடு கிராமத்து மருதாயி. கேட்டவர்கள் சிரித்தால் உடனே இறங்கி வருவாள். "சரி, ஆயிரம் இல்லீங்க. எங்க ஊட்டுத் தோட்டமும் வேலியும் சேத்து ஒரு அறுவது இருக்கும். அதுலயும் பத்து நானா வெச்ச பேரு."

அந்தப் பத்தில்தான் அவளுக்குப் பெருமை. தும்பை, உன்னி, நாயுருவி எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. காபிச் செடிகளுக்கு அடியில் தலைகாட்டும் பேரில்லாத நீலப் பூவுக்கு "மாமியா மூக்கு" என்று வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு கதையும் சொல்லுவாள். கதையில் அந்த மாமியார் ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகச் செத்துப்போவாள்.

ஆனால் பெரியவர்கள் வைத்த பேர்களில் அவள் விளையாடியதில்லை. வெட்டுக்காயப் பூண்டு வெட்டுக்காயத்தை ஆற்றியது. எஸ்டேட்டில் கத்தி பட்ட எத்தனையோ விரல்களுக்கு அவளே கசக்கி வைத்துக் கட்டியிருக்கிறாள். அதனால் ஐப்பசி மழையில் புருஷன் கருப்பண்ணனுக்குக் கண் சிவந்து பீளை தள்ளியபோது அவள் யோசிக்கவே இல்லை. வேலியில் மஞ்சளும் சிவப்புமாக, தீ பிடித்த மாதிரி பூத்திருந்த கொடியின் அடியைத் தோண்டி, எடுத்ததைக் கசாயம் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"என்ன புள்ள அது?"

"கண்வலிக் கெழங்குங்க. பேர்லயே மருந்து இருக்குது, அப்புறம் என்ன கேள்வி?"

"நொம்பக் கசக்குது."

"பின்ன, பாயசமா வெச்சுக் குடுப்பாங்க? ஒரே மடக்கா முழுங்குங்க."

சாயங்காலமே வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏற்காடு டவுனுக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் சேலத்துக்கும் கொண்டுபோனார்கள்.

"என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார்.

"டவுனுக்குப் போனப்ப புரோட்டா தின்னாருங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

பொய் சொல்லும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. மருந்தை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா?

இரண்டாம் நாள் மூத்திரம் நின்றுபோனது. மூன்றாம் நாள் காலை கருப்பண்ணன் அவள் முகத்தைப் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டான். பதினொரு மணிக்குக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள்.

அந்த வார்டு நர்ஸ் ஷெர்லின், அதே மலையில் நாகலூர்ப் பெண். சாவுக்கான காரணத்தைக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஊட்டுல நாட்டு மருந்து எதாச்சும் குடுத்தீங்களா?"

"குடுத்தனே கண்ணு. கண்ணு வலிக்குதுன்னாரு. கண்வலிக் கெழங்கைக் கசாயம் வெச்சுக் குடுத்தேன். கண்ணு வலிக்குன்னே இருக்குற கெழங்குதான?"

ஷெர்லினின் பேனா நின்றது.

"அது வெசங்கம்மா," என்றாள். "அந்தப் பூவை உத்துப் பாத்தாலே கண்ணு வலிக்கும்னுதான் அந்தப் பேரு வெச்சாங்க."