கன்னியப்பன் வீட்டு ஆள்

பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்தால் முதலில் உப்பு கரிக்கும், பிறகு சேறு, அதற்கும் பிறகு முந்தின நாள் இறாலின் வாடை நாக்கில் ஏறும். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவ, அகப்பட்ட இறாலை அந்தக் குறுகிய வாய்க் கூடைக்குள் போட்டுவிட்டு, முட்டி போட்டபடியே அடுத்த அடி நகர வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் பெண்கள் இறால் பிடிப்பது இப்படித்தான். வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது என்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் மீஞ்சூரிலிருந்து கிளம்பி நைனா பிறந்த மீனவக் குப்பத்தில் வந்து இறங்கிய இரண்டாம் நாளே, நைனாவின் அக்காவான என் அஞ்சலை அத்தை, "சும்மா லொடலொடன்னு பேசினே இருக்காத, இத்த கடி" என்று ஒரு பறியை என் வாயில் திணித்துவிட்டாள்.

விடுமுறையைக் கொண்டாட வந்திருக்கிறேன் என்றுதான் ஊர் நினைத்தது. உண்மை வேறு. நைனா வேலை பார்த்த தொழிற்சாலையைப் பூட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் சோற்றுத் தூக்கோடு போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு, அதே சோற்றை அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். வீட்டில் ஒரு வயிறாவது குறையட்டும் என்று என்னை அனுப்பினார்கள். யார் கேட்டாலும் நைனா வேலைக்குப் போகிறார் என்றே சொல்ல வேண்டும் என்று அம்மா பேருந்து கிளம்பும்வரை நாலு தடவை சொன்னாள். சொல்லாத இன்னொன்றும் எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முதல் நாள், "ஒண்ணும் தோதுப்படலன்னா ஏரி கீது, போயிடலாம்" என்று நைனா அம்மாவிடம் முனகியது என் காதில் விழுந்திருந்தது. ஆக, எங்கள் வீட்டுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அந்த ஏரிதான்.

அந்த ஏரியோ அந்தக் கோடையில் நாறிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்து போகும் வழியான முகத்துவாரம் மணல் அடைத்து மூடிவிட, தண்ணீர் நாளுக்கு நாள் வற்றி, கரையோரமெல்லாம் உப்புப் பூத்து, பாசி அழுகி, மடவை மீன் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பெரியவர்கள் மூக்கில் துணியைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். எனக்கு மட்டும் அது கொண்டாட்டமாக இருந்ததென்று சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நடந்தே திட்டுத் திட்டாகத் தாண்டிப் போகலாம். பூநாரைகள் விட்டுப்போன கால்தடங்களில் என் காலை வைத்து அளக்கலாம். நண்டு கடித்தால் கத்தலாம், கேட்க ஆளிருக்காது. மீஞ்சூரில் ரயில் பாதையைத் தாண்டவே விடாத பிள்ளை, ஒரு வாரத்தில் முதுகு தோலுரிந்து கருவாடாகிப்போனேன்.

அத்தை மீன் விற்கப் படகேறிப் பழவேற்காட்டு டவுனுக்குப் போகும் நாட்களில் நானும் தொற்றிக்கொள்வேன். அவள் கடைத்தெருவில் உட்கார்ந்ததும் நான் டச்சுக்காரர்கள் என்கிற ஒல்லாந்தர் கல்லறைக்கு ஓடிவிடுவேன். வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். உள்ளே, ஆளுயரக் கருங்கற்களில் பூவும் கேடயமும் எழுத்துமாகப் பெயர்கள். ஒல்லாந்துக்காரன் கப்பல் வெளியே கடலில் நிற்கும்போது, அந்த அலையில் படகு தள்ளி, முகத்துவாரத்தைத் தாண்டிச் சரக்கைக் கோட்டையில் சேர்த்தவன் எங்கள் கன்னியப்பன் பாட்டனுடைய பாட்டன்தான், அவர் பேரும் கன்னியப்பன்தான் என்று அத்தை சத்தியம் செய்வாள். அவ்வளவு செய்தவர் பேரை எங்காவது எழுதியிருக்க மாட்டார்களா என்று, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு, கல் கல்லாகக் குனிந்து 'கே' எழுத்தைத் தேடினேன். 'கே' நிறைய இருந்தது. ஒன்றும் எங்களுடையதில்லை. அத்தை கூடையோடு வந்து என்ன செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அங்கேயே கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"நம்ம பேரு கல்லுல இல்லடி. தலைவர் நோட்டுல கீது."

அப்புறம்தான் அந்த நோட்டு எவ்வளவு பெரிய சமாசாரம் என்று புரிந்தது. ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் சிலவே உண்டு. அவற்றை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஊரில் உள்ள வீடுகள் சீட்டுப் போட்டு, முறை வைத்து, ஆளுக்கு ஒருநாள் இறங்குவார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். நோட்டில் பெயர் இருக்கிற வீட்டுக்குத்தான் பாடு. பெயர் போனால் ஏரியைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெயர் நிலைக்க ஒரே ஒரு கட்டளை: முகத்துவாரம் மூடிக்கொண்டு ஊரே சேர்ந்து அதை வெட்டித் திறக்கும் நாளில், வீட்டுக்கு ஒரு ஆள் மண் அள்ள வரவேண்டும். தொடர்ந்து மூன்று முறை வராத வீட்டை நோட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். பாட்டன் பேரில் நோட்டில் இருந்த எங்கள் கன்னியப்பன் வீடு ஏற்கெனவே இரண்டு முறை வரவில்லை. இரண்டு முறையும் நைனா தொழிற்சாலையில் இருந்தார்.

இதை எனக்கு எடுத்துச் சொன்னது அத்தையல்ல, ஏகாம்பரம் சித்தப்பா. எங்கள் பங்காளி, தனிக் குடும்பமாகிப் போய்த் தன் பேரிலேயே நோட்டில் வீடு வைத்திருந்தவர். ஒரு வீடு குறைந்தால் மற்றவர்களுக்கு முறை சீக்கிரம் வரும். "உங்கப்பன் மீஞ்சூர்ல சம்பளம் வாங்கறான், அவனுக்கு எதுக்கு இங்க பேரு?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் காட்டுவார். சம்பளமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும். அம்மா சொன்னதை நினைத்து வாயை மூடிக்கொள்வேன். பறி இல்லாமலே நான் வாயை மூடியிருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு மாதம்தான்.

ஊர்த் தலைவர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். தினமும் மணல் திட்டுமேல் நடந்துபோய் ஒரு காய்ந்த சவுக்குக் குச்சியைக் கடலில் எறிந்து, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துவிட்டுத் திரும்புவார். அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் குச்சி வடக்கே ஓடியதாம். மறுநாள் விடியற்காலை வெட்டுவது என்று சொல்லிவிட்டார். தொலைபேசி கிடையாது. மீன் கூடைக்காரி ஒருத்தியிடம் மீஞ்சூருக்குச் சேதி சொல்லி அனுப்பினாள் அத்தை. அவள் போய்ச் சேர்ந்து நைனா கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அத்தைக்கே தெரியும். நீ போய் நில்லேன் அத்தை என்று அழாத குறையாகக் கேட்டேன். தான் கட்டிக்கொண்டு போன வீட்டுக்குத்தான் தன்னால் நிற்க முடியும், அந்த வீட்டுக்கு மாமா போகிறார், பிறந்த வீட்டுக்கு நிற்கத் தனக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு மூலையிலிருந்த மண் கூடையை எடுத்து, அதன் அடியில் பழைய வலைத் துண்டை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

விடிந்தபோது மணல் திட்டு முழுக்க ஆட்கள். தலைவர் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட, "ஆள் வந்துகீது" என்று அங்கங்கே குரல் எழும்பியது. எங்கள் வீட்டை எட்டும்வரை வீடுகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே நின்றேன். கன்னியப்பன் வீடு என்றார். ஒரு குரலும் இல்லை. அவர் அடுத்த பெயருக்குப் போக வாயெடுத்தபோது, கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"ஆள் வந்துகீது."

சிரிப்பு எழுந்தது. பொட்டைப் பிள்ளையை எந்த ஊரில் ஆளென்று எடுத்துக்கொள்வார்கள் என்று ஏகாம்பரம் சித்தப்பா கேட்டார். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்கு ஒரு கை என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆண்கையா பெண்கையா என்று சொல்லவில்லை என்றார். பிறகு என்னிடம், "தண்ணி வர்ற வரைக்கும் நிக்கணும். நடுவுல உக்காந்தா பேரு போச்சு" என்றார். தலையை ஆட்டினேன்.

மண்வெட்டிக்காரர்கள் வெட்ட வெட்ட, மற்றவர்கள் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினோம். இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. எல்லாரும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குக் கரைக்குப் போய்க் கொட்டினார்கள். தெற்குக் கரை பத்தடிதான். இவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குள் ஒரு இளக்காரம். யாரும் கவனிக்காத கடைக்கோடியில் தெற்கே கொட்டிக் கொட்டி, வெயில் உச்சிக்கு வருமுன் என் உயரத்துக்கு ஒரு குவியலே போட்டுவிட்டேன். இரண்டு பேர் கூடையை நான் ஒருத்தியே தூக்குகிறேன் என்று மமதை வேறு.

கண்டுபிடித்தவர் சித்தப்பாதான். அவர் போட்ட கூச்சலில் வேலையே நின்றது. அந்த நாட்களில் கடலில் ஓடுவது 'தெண்டி', அதாவது தெற்கிலிருந்து வடக்கே போகும் ஓட்டம். வடக்கே கொட்டிய மண்ணை அது வெளியே இழுத்துக்கொண்டு போகும், தெற்கே கொட்டியதை அப்படியே வாரி வெட்டிய வழிக்குள்ளேயே போட்டு மூடிவிடும். அந்தக் குப்பத்தில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும். "பாத்தியா, இத்தான் மீஞ்சூர் புத்தி. இந்த வூட்டுக்கு ஏரி மறந்துபோச்சு" என்றார் சித்தப்பா. மண் அள்ளியதைவிட அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது. உண்மை என்பதால் வலித்தது.

தலைவர் வந்து குவியலைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். தண்ணீர் ஏறுவதற்குள் இதெல்லாம் வடக்கே போயிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கஞ்சி கொண்டுவந்திருந்த அத்தை கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா ஒரு கூடையோடு என் பக்கம் நகர்ந்தார். நான் வேண்டாமென்று கையை ஆட்டினேன். கொட்டியவள் நான். எத்தனை நடை நடந்தேனென்று யார் கண்டது? உள்ளங்கை கொப்பளித்து உடைந்து, உப்பு பட்டு எரிந்தது. கஞ்சியை நின்றபடியே குடித்தேன், உட்கார்ந்தால் பேரு போச்சு என்பது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பூட்டிய கதவு முன்னால் நைனா தூக்கோடு நிற்பது கண்ணில் தெரியும்போதெல்லாம் கூடையில் இன்னும் ரெண்டு கை மண் அதிகம் போட்டேன். கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பியபோது, தெற்குக் கரையில் குவியல் இருந்த இடத்தில் ஈரத் தடம்தான் இருந்தது. யாரோ "அடிப்பாவி" என்று ஆசையாகச் சொன்னார்கள்.

கடல் பக்கம் விட்டுவைத்த மண் சுவரைத் தலைவர் காலால் உதைத்தார். முதலில் விரற்கடைத் தண்ணீர், வழி தெரியாத மாதிரி தயங்கித் தயங்கி வந்தது. அப்புறம் ஒரு அலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. சுவர் இரண்டு பக்கமும் பொலபொலவென்று சரிய, கடல் முழுசாக நுரையோடு உள்ளே பாய்ந்து, நாங்கள் வெட்டிய வழியைத் தானே இன்னும் அகலமாக வெட்டிக்கொண்டு ஏரியை நோக்கி ஓடியது. ஊரே கத்தியது. பெண்கள் குலவை போட்டார்கள். புதுத் தண்ணீரோடு மீன்கள் துள்ளி ஏறுவதைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் அபூர்வம்தான். பெருமையடிக்கிறேன் என்றால் ஆமாம், அடிக்கிறேன். அந்தக் கடலைக் கூட்டி வந்ததில் என் கூடையும் உண்டு.

ஈரக் கையோடு தலைவர் மறுபடி நோட்டைப் பிரித்தார். கடைசிவரை நின்ற வீடுகளைத்தான் எழுதுவார்கள். கன்னியப்பன் வீடு என்றார். நான் கூடையைத் தூக்குவதற்குள், சுற்றியிருந்த பத்துப் பதினைந்து பேர் எனக்காகச் சொல்லிவிட்டார்கள்.

மாலையில் கடைசிப் படகில் நைனா வந்தார், சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டு, முகம் செத்துப்போய். கரையிலேயே யாரோ சேதியைச் சொல்லியிருக்கிறார்கள். நேரே வந்து என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நான் வந்துடறேன்மா" என்றார். என்னிடம் சொன்னாரா அக்காவிடம் சொன்னாரா தெரியாது. அத்தைதான் ஓவென்று அழுதாள். அடுத்த மாதமே குடும்பத்தோடு வந்து சேர்ந்தோம். ஊர் போட்ட அடுத்த சீட்டில் நைனாவுக்கு நல்ல இடம் விழுந்தது. அவர் சாகும்வரை அந்த ஏரிதான் எங்களுக்குச் சோறு போட்டது, என்னைப் பொன்னேரி விடுதியில் வைத்துப் படிக்கவும் வைத்தது.

போன கோடையில் போயிருந்தேன். முகத்துவாரத்தை இப்போது இயந்திரம் வந்து தோண்டுகிறது. நாள் முழுக்க ஊர் செய்ததை அது மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறது. யாரும் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, யாரும் குரல் கொடுப்பதுமில்லை. படகில் கடந்த இடத்தில் பாலம் இருக்கிறது. கல்லறையில் ஒல்லாந்துக்காரர்களின் பெயர்கள் வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றன. பழைய தலைவரின் மகன் பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த நாளின் பக்கத்தில் வரிசையாக எல்லா வீடுகளுக்கும் எதிரே 'ஆள் வந்தது' என்றிருக்க, எங்கள் வீட்டுக்கு எதிரே மட்டும், 'ஆள் வந்தது. பொண்ணு' என்று எழுதியிருந்தது.

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த முறை முகத்துவாரம் வெட்டிய நாள். நான் விடுதியில் இருந்தேன். நைனா எதையும் முழுசாகச் சொல்கிற ஆளில்லை, அதனால் அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. கன்னியப்பன் வீட்டுக்கு எதிரே 'ஆள் வந்தது' என்று மட்டும்தான் இருந்தது, அது நைனா. வேறு நாலு வீடுகளுக்கு எதிரே 'பொண்ணு' என்றிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். நாலாவது, வீட்டுக்காரர் அந்தத் தடவை காய்ச்சலில் கிடந்தார் என்று தலைவர் மகன் சொன்ன வீடு, ஏகாம்பரம் சித்தப்பாவுடையது.