இரும்பு இடுப்போடு முழங்காலிட்டேன்

எங்கள் காளையார்கோவில் பக்கத்தில் இடுப்புக்கு இரும்பு மூட்டு வைத்துக்கொண்ட முதல் ஆள் நான்தான். "தரையில் உட்காராதீங்க, முழங்காலும் போடாதீங்க" என்று சென்னை டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்று வருட வலி போன சந்தோஷத்தில், நன்றி சொல்ல மாதா கோயிலுக்கு நடந்தே போனேன். பூசையில் மணி அடித்தது. பழக்கதோஷம், எல்லோரோடும் சட்டென்று முழங்காலிட்டுவிட்டேன். எழ முடியவில்லை. மூட்டு கழன்றுவிட்டதோ என்று வியர்த்துக் கொட்டியது. நாலு பேர் அலுங்காமல் தூக்கி நிறுத்தினார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் சிரித்தார்: "வாத்தியாரே, நன்றி சொல்ல வந்தீகளா, இடுப்பைக் காணிக்கை போட வந்தீகளா?"

இப்போதெல்லாம் மணி அடித்ததும் ஊரே முழங்காலிடுகிறது. நான் மட்டும் நெடுமரமாக நிற்கிறேன். இந்தக் காலுக்கு அதைவிடப் பெரிய ஜெபம் ஏது?